ஈரச் சுண்ணாம்பில் வைத்த புள்ளிகள்: ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் அறைகளுக்குள் வந்துசேர்ந்த பழங்காலங்கள்

லண்டனுக்குத் தென்கிழக்கே பெக்ஸ்லிஹீத் என்ற ஊரில் செங்கல்லால் கட்டிய ஒரு வீடு இருக்கிறது. பெயரே ரெட் ஹவுஸ். அதன் மாடிப்படிக்கு மேலே, கூரையின் உட்புறத்தில் வண்ண வடிவங்கள் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கின்றன. அந்த வடிவங்களின் ஓரமெல்லாம் சின்னச் சின்னத் துளைகள். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே குத்திப் புள்ளி வைத்து, காய்ந்த பிறகு அந்தப் புள்ளிகளைப் பிடித்துக்கொண்டு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுகிற வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வண்ணம் மங்கினாலும் புள்ளி இருக்கும். அதை வைத்து யார் வேண்டுமானாலும் திரும்பத் தீட்டிக்கொள்ளலாம்.

இது நடந்தது 1860 வாக்கில். தீட்டியவர்கள் கூலிக்கு வந்த பெயிண்டர்கள் அல்ல, வீட்டுக்காரரும் அவருடைய நண்பர்களும்தான். வீட்டுக்காரர் வில்லியம் மோரிஸுக்கு அப்போது 26 வயது. வீட்டை வரைந்து கொடுத்த பிலிப் வெப்புக்கு அதுதான் சொந்தமாகச் செய்த முதல் வீடு. லண்டன் கடைகளில் விற்ற நாற்காலி, திரைச்சீலை, கம்பளம் எதுவும் மோரிஸுக்குப் பிடிக்கவில்லை. எல்லாவற்றையும் தாங்களே செய்வது என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவிலிருந்து 1861-ல் ஒரு நிறுவனம் பிறந்தது. கால் நூற்றாண்டு கழித்து, 1887-ல், இதே எண்ணம் கொண்டவர்கள் கண்காட்சி நடத்த ஒரு சங்கம் அமைத்தபோதுதான் 'ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்' என்ற பெயரே வந்தது.

இந்த அறைகளின் படங்களைப் பார்ப்பவர்கள் உடனே சொல்வது, "இது ஐரோப்பாவின் இடைக்காலத்தைப் பார்த்துச் செய்தது" என்பதுதான். அது பாதி சரி. என்னைக் கேட்டால், இந்த அறைகளில் ஒன்றல்ல, பல பழங்காலங்கள் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஐரோப்பிய இடைக்காலத்தின் கோத்திக் பாணித் தேவாலயம் ஒன்று, இங்கிலாந்தின் கிராமத்துத் தச்சுப்பட்டறை இன்னொன்று, பாரசீகத் தறி, துருக்கிய ஓடு, நம் சோழமண்டலக் கரையின் சாயத்தொட்டி என்று வரிசை நீளும். அந்த இயக்கத்தின் நல்ல வேலைகளில் இவற்றிலிருந்து எடுத்துக்கொண்டது பெரும்பாலும் உருவத்தை அல்ல, வேலை செய்யும் முறையை. இந்த வித்தியாசம் புரிந்தால்தான் அறைகள் புரியும்.

முதலில் அவர்கள் எதை வெறுத்தார்கள் என்று பார்க்க வேண்டும். 1851-ல் லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி உலகக் கண்காட்சி நடத்தினார்கள். குடும்பத்தோடு போன 17 வயது மோரிஸ் உள்ளே வர மறுத்து வெளியிலேயே உட்கார்ந்துவிட்டார் என்று ஒரு கதை சொல்வார்கள். உள்ளே இருந்த சாமான்களில் பெரும்பகுதி இயந்திரம் செய்த ஆடம்பரம். கம்பளத்தில் நிழலும் வெளிச்சமுமாக உருண்டு திரண்ட ரோஜாக்கள், நடந்தால் கால் தடுக்கும் போல. மலிவு மரத்தின் மேல் உயர்ந்த மரத்தின் மெல்லிய தகடு. இரும்பை மரம்போல் காட்டும் பெயிண்ட்.

அந்தக் கண்காட்சியிலேயே இரண்டு மூலைகள் வேறு மாதிரி இருந்தன. ஒன்று, அகஸ்டஸ் பியூஜின் அமைத்த இடைக்கால அரங்கம். பியூஜின் கோத்திக் கட்டடக்கலையைத் தன் மதமாகவே கருதியவர். ஒரு கட்டடத்திலோ மேசையிலோ எது எதைத் தாங்குகிறது என்பது வெளியே தெரியவேண்டும், அலங்காரம் அந்தத் தாங்கலை அழகுபடுத்தலாமே தவிர மறைக்கக் கூடாது என்று 1841-லேயே எழுதிவிட்டார். இன்னொன்று, கிழக்கிந்தியக் கம்பெனி கொண்டுவந்து வைத்த இந்தியப் பகுதி. அங்கே இருந்த துணிகளைப் பார்த்து அசந்துபோனவர்களில் ஓவன் ஜோன்ஸ் ஒருவர். ஸ்பெயினின் அல்ஹம்ப்ரா அரண்மனையை அளந்து வரைந்து வந்தவர் அவர். இந்திய நெசவாளிக்கும் அராபியக் கைவினைஞருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது, நமக்குத்தான் மறந்துவிட்டது என்றார்: துணி தட்டையானது, சுவர் தட்டையானது, அதன் மேல் வரும் பூவும் தட்டையாகத்தான் இருக்கவேண்டும்.

தாங்குவது தெரியட்டும், தட்டையானது தட்டையாக இருக்கட்டும். மோரிஸ் தொழிலில் இறங்குவதற்கு முன்பே இந்த இரண்டு பாடமும் காற்றில் இருந்தன. மூன்றாவது பாடம் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினிடமிருந்து வந்தது; அதுதான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. வெனிஸ் நகரக் கட்டடங்களைப் பற்றி அவர் எழுதிய நூலின் இரண்டாம் தொகுதி 1853-ல் வந்தது. அதில் கோத்திக் பற்றிய அத்தியாயத்தை மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் மாணவராக இருந்தபோது படித்தார். கோத்திக் தேவாலயத்தின் சிற்பங்கள் ஒன்றுக்கொன்று சமமாக இல்லை, சில கோணல்மாணலாக இருக்கின்றன, அதுதான் அவற்றின் பெருமை என்றார் ரஸ்கின். கல்தச்சன் தன் மனதைப் போட்டு வேலை செய்தான் என்பதற்கு அந்தக் கோணல் சாட்சி. அப்பழுக்கில்லாமல் செய் என்று ஒரு மனிதனைக் கட்டாயப்படுத்தினால் அவனைக் கருவியாக்கிவிடுகிறோம். அழகைப் பற்றிய பேச்சு இங்கே உழைப்பைப் பற்றிய பேச்சாக மாறிவிட்டது. செம்புப் பாத்திரத்தில் சுத்தியல் தழும்பை மழிக்காமல் விட்டதும், ஓக் பலகையில் உளியின் தடத்தை அப்படியே வைத்ததும் இந்த எண்ணத்தால்தான்.

ரெட் ஹவுஸ் வரவேற்பறையில் வெண்பூச்சுச் சுவர், பெரிய செங்கல் கணப்பு, சுவரோடு சேர்ந்த உயரமான மரப்பெட்டி-இருக்கை, அதன் மேலே ஏணி வைத்து ஏறும் சின்ன மாடம். இடைக்கால மாளிகைகளில் பாட்டுக்காரர்கள் நின்று பாடும் மாடத்தின் நினைவு அது. சுவரில் மோரிஸின் ஓவிய நண்பர் பர்ன்-ஜோன்ஸ் ஓர் இடைக்காலக் காதல்கதையின் கல்யாணக் காட்சியைத் தீட்டினார். இவையெல்லாம் இளைஞர்களின் உற்சாகம், கொஞ்சம் வேஷம் கட்டிப் பார்ப்பது போல. ஆனால் அதே வீட்டில் தொங்கிய ஒரு துணி வேறு திசையைக் காட்டியது.

பிரிட்டிஷ் மியூசியத்தில் அப்போது 15-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று இருந்தது, பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஃப்ருவாசார் எழுதிய வரலாறு. இன்று அது பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. அதில் அரசவை நடனக் காட்சி ஒன்று ஓவியமாக இருக்கிறது. கதைக்கு முக்கியமானவர்கள் நடுவில் ஆட, பின்சுவரில் தொங்குகிறது ஒரு திரை. அதில் சின்னப் பூச்செடிகள் தனித்தனிக் கொத்தாக. மோரிஸின் கண் ஆடுகிறவர்களை விட்டு அந்தத் திரைக்குப் போனது. அவர் மனைவி ஜேன் லண்டன் கடையொன்றில் தற்செயலாகப் பார்த்த நீலக் கம்பளித் துணியை வாங்கி வந்தார். மோரிஸ் அதில் பூக்களை வரைய, இருவரும் கம்பளி நூலால் தைக்கத் தொடங்கினார்கள். பிறகு 1864-ல் அதே பூக்கொத்துகள் வால்பேப்பராக வந்தன. மரக்கட்டை அச்சில், நிறத்துக்கு ஒரு கட்டை வீதம், கையால் ஒத்தி எடுத்தது. நாலு நூற்றாண்டுக்கு முன் யாரோ ஓவியத்தில் பின்னணிக்காக வரைந்த திரை, தையலாகி, காகிதமாகி, நடுத்தரக் குடும்பத்துச் சுவருக்கு வந்த கதை இது. வரலாற்றிலிருந்து எதை எடுப்பது என்பதில் மோரிஸுக்கு இருந்த கூர்மை எனக்கு இங்கேதான் முழுசாகத் தெரிகிறது.

அப்புறம் 1875-ல் அவர் சாயத்துக்கு வந்தார். இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், ஏனென்றால் இதில் நம் ஊர்க் கதையும் கலந்திருக்கிறது.

1856-ல் பெர்கின் என்ற இளம் வேதியியலாளர் கரித்தாரிலிருந்து ஊதா நிறம் எடுத்ததிலிருந்து செயற்கைச் சாயங்கள் சந்தையில் நிறைந்துவிட்டன. பளிச்சென்று இருக்கும், வெயிலில் அசிங்கமாக வெளுக்கும். மோரிஸ் பழைய சாயங்களைத் தேடி, லீக் நகரத்தில் சாயப்பட்டறை வைத்திருந்த தாமஸ் வார்டிலிடம் போனார். 16-ஆம் நூற்றாண்டு மூலிகை நூல்களைப் புரட்டினார்கள். அவுரியில் நீலம், மேடர் வேரில் சிவப்பு, வெல்ட் செடியில் மஞ்சள், வால்நட்டில் பழுப்பு. மோரிஸ் மரக்கட்டைச் செருப்புப் போட்டுக்கொண்டு தொட்டியில் தானே இறங்கி வேலை செய்தார். கையெல்லாம் நீலமாகிக் கிடந்ததைக் கடிதங்களில் எழுதியிருக்கிறார். வார்டில் அதே காலத்தில் இந்தியச் சாயப் பொருள்களையும் டஸர் பட்டையும் ஆராய்ந்துகொண்டிருந்தார். 1880-களில் வங்காளத்துக்கே போய்வந்தார்.

சோழமண்டலக் கரையில் இந்த வேலை பல நூற்றாண்டுகளாக நடந்துவந்தது. துணியைக் கடுக்காய் நீரில் முக்கி, படிகாரத்தால் கோடு எழுதி, சாயவேரில் கொதிக்க வைத்தால் படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். நீலம் வேண்டாத இடத்தில் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள். துவைக்கத் துவைக்க நிறம் ஏறும் இந்தச் சீட்டித் துணிக்கு 17-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா அடிமையாகிக் கிடந்தது. தங்கள் கம்பளி, பட்டு நெசவாளிகள் கொந்தளித்ததால் இங்கிலாந்து 1721-ல் அச்சிட்ட பருத்தித் துணியை உடுத்துவதற்கும் வீட்டில் பயன்படுத்துவதற்கும் தடை போட்டது. தடை 1774 வரை இருந்தது. அதற்குள் ஐரோப்பியர்கள் ரகசியத்தைக் கற்கத் துடித்தார்கள். தென்னிந்தியாவில் இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ, தன்னிடம் ஞானஸ்நானம் பெற்ற சாயக்காரர்களிடம் கேட்டு, முழுச் செய்முறையையும் 1742-ல் கடிதமாக எழுதி அனுப்பினார். ஐரோப்பாவின் கட்டை அச்சுத் தொழில் இப்படிப்பட்ட கடிதங்களின் மேல், பெயர் தெரியாத நம் சாயக்காரர்களின் அறிவின் மேல் எழுந்ததுதான்.

மோரிஸ் அந்தத் தொழிலின் வாரிசு. 1881-ல் லண்டனுக்கு வெளியே, வாண்டில் ஆற்றங்கரையில் மெர்ட்டன் அபே என்ற இடத்தில் தன் பட்டறையை அமைத்தார். அங்கே அவர் பிடிவாதமாகச் செய்துகாட்டியது அவுரி நீலத்தைக் கழுவி எடுக்கும் அச்சு. முதலில் துணி முழுவதையும் அவுரித் தொட்டியில் முக்குவது. தொட்டியிலிருந்து வரும்போது துணி பச்சை கலந்த மஞ்சளாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண் முன்னாலேயே நீலமாகும். பிறகு வெள்ளை வேண்டிய இடத்தில் நீலத்தை அழிக்கும் மருந்தைக் கட்டையில் தொட்டு ஒத்துவது. வெளிர்நீலம் வேண்டிய இடத்தில் மருந்தின் வீரியத்தைக் குறைப்பது. அப்படித் திறந்த இடங்களில் சிவப்பும் மஞ்சளும் ஏற்றுவது. ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே ஆற்றில் அலசி, உலர்த்தி, மறுபடி. நம் கரையில் மெழுகு வைத்து நீலத்தைத் தடுத்தார்கள். அங்கே நீலத்தை முழுக்க ஏற்றிவிட்டு வேண்டாததை அழித்தார்கள். 1883-ல் வந்த 'ஸ்ட்ராபெரி தீஃப்' துணி, தோட்டத்துப் பழத்தைத் திருடும் குருவிகளின் துணி, இந்த முறையில் சிவப்பும் மஞ்சளும் சரியாக உட்கார்ந்த முதல் வடிவம். ஒரு துணி முடிய நாள்கணக்காகும். அந்த நீலத்தின் ஆழம் பெயிண்டிலோ காகிதத்திலோ வராது.

அதே ஆண்டு சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம், இன்றைய விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், 17-ஆம் நூற்றாண்டு இத்தாலிய வெல்வெட் ஒன்றை வாங்கியது. அதில் தண்டு சாய்ந்து வளைந்து ஓடும். அதற்குப் பிறகு மோரிஸ் வரைந்த ஆற்றுப் பெயர்த் துணிகளான ஈவன்லோட், வாண்டில் போன்றவற்றில் அந்தச் சாய்ந்த தண்டு ஓடுவதைப் பார்க்கலாம். அந்த அருங்காட்சியகத்தை அவர் தன் பள்ளிக்கூடமாகவே பயன்படுத்தினார். 1893-ல் அர்தபில் கம்பளம் விற்பனைக்கு வந்தபோது அதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல மோரிஸைத்தான் கேட்டார்கள். 1539-40-ல் பாரசீகத்தில் முடித்த அந்தக் கம்பளம் பத்தரை மீட்டர் நீளம். எந்தக் குறையும் சொல்ல முடியாத வடிவம் என்று எழுதி, வாங்கச் சொல்லி வற்புறுத்தினார். 2,000 பவுண்டுக்கு வாங்கினார்கள். தன் வீட்டில் அவர் பாரசீகக் கம்பளத்தைத் தரையில் போடவில்லை, சாப்பாட்டு அறைச் சுவரில் தொங்கவிட்டார். 1870-களின் முடிவில் வீட்டு வண்டிக்கொட்டிலில் தறி போட்டு முடிச்சுக் கம்பளம் நெய்ய ஆரம்பித்தார். அவர் நண்பர் வில்லியம் டி மார்கன் துருக்கிய, பாரசீக ஓடுகளின் நீலத்தையும் பச்சையையும் பிடிக்க வாழ்நாளையே செலவழித்தார்.

இவ்வளவு எடுத்துக்கொண்டவர்கள் எடுத்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைக் கண்டுகொண்டார்களா? மோரிஸ் கண்டுகொண்டார். 1879-ல் பர்மிங்ஹாமில் பேசியபோது, ஆளப்படும் மக்கள் நம்பிக்கையிழந்து தங்கள் கலைகளைக் கைவிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றும், அரசாங்கமே இந்தியச் சிறைகளில் மலிவுக் கம்பளம் நெய்து விற்கிறது என்றும் மனம் வெதும்பிச் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டவர்கள் குறைவு.

இதற்கெல்லாம் பக்கத்திலேயே, சத்தமில்லாமல், இன்னொரு பழங்காலம் அறைக்குள் வந்தது. அது அரசவையும் அல்ல, கிழக்கும் அல்ல, இங்கிலாந்தின் கிராமம். மோரிஸ் நிறுவனம் விற்ற சசெக்ஸ் நாற்காலி, கோரை பின்னிய இருக்கையும் மெல்லிய கடைசல் கால்களும் கொண்ட பழைய கிராமத்து நாற்காலியைப் பார்த்துச் செய்தது. அந்த நிறுவனத்தின் பொருள்களில் சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் இருந்த சிலவற்றில் அதுவும் ஒன்று. 1890-ல் எர்னஸ்ட் கிம்சன் என்ற இளம் கட்டடக்கலைஞர் ஹெரிஃபோர்ட்ஷயரில் ஃபிலிப் கிளிசெட் என்ற வயதான கடைசல்காரரிடம் போய் நாற்காலி செய்யக் கற்றுக்கொண்டார். பிறகு அவரும் பார்ன்ஸ்லி சகோதரர்களும் 1893-ல் லண்டனை விட்டுக் காட்ஸ்வோல்ட் மலைப்பக்கம் குடியேறினார்கள். இந்த மூவரின் வேலைதான் எனக்கு இந்த இயக்கத்திலேயே மிகவும் பிடித்தது.

அவர்கள் செய்த ஓக் மேசையின் அடியில் குனிந்து பார்க்க வேண்டும். கால்களை இணைக்கும் கட்டை நேராகப் போகாமல், இரு முனையிலும் கவையாகப் பிரியும். வைக்கோல் வாரும் மரவாரியின் பிடி அப்படித்தான் பிரிந்து பல்வரிசையைப் பிடிக்கும். மேசையின் பெயரிலேயே அந்த வாரி ஒட்டிக்கொண்டது. கட்டைகளின் விளிம்பு இணைப்புக்கு இணைப்பு நடுவில் மட்டும் சீவப்பட்டிருக்கும். வண்டி செய்கிற தச்சர்களின் பழக்கம் அது: பலம் வேண்டிய மூட்டில் மரத்தை முழுசாக விட்டு, நடுவில் சீவி எடையைக் குறைப்பார்கள். ஒரு கட்டையின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் புகுந்து மறுபக்கம் தலைகாட்டும். மர ஆணி அறைந்திருக்கும். ஒட்டவைத்த அலங்காரம் என்று ஒன்றுகூட இருக்காது. பியூஜினும் ரஸ்கினும் புத்தகத்தில் சொன்னதை ஒரு வண்டித் தச்சன் புத்தகமே படிக்காமல் செய்துகொண்டிருந்தான் என்பதை இவர்கள் கண்டுபிடித்தார்கள்.

இந்த அறைகள் எல்லாம் இருட்டாக, கறுத்த ஓக் மரமாக இருந்திருக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. வெப் 1890-களின் தொடக்கத்தில் சசெக்ஸில் கட்டிய ஸ்டாண்டன் வீட்டின் வரவேற்பறையில் மரப்பலகைச் சுவருக்கு வெள்ளை பெயிண்ட். அந்தப் பலகையடிப்பு 17, 18-ஆம் நூற்றாண்டு வீடுகளின் வழக்கம், கோத்திக்கோடு சம்பந்தமில்லை. கட்டும்போதே மின்விளக்கும் போட்டார்கள். விண்டர்மியர் ஏரிக்கரையில் கட்டடக்கலைஞர் பெய்லி ஸ்காட் 1900-ல் முடித்த பிளாக்வெல் வீட்டில் பெரிய கூடம் இடைக்கால மாளிகை மாதிரியே இரண்டு மாடி உயரம். அதை அடுத்த வரவேற்பறை முழு வெள்ளை. அதைக் கட்டச் சொன்னவர் மான்செஸ்டரின் பீர் ஆலை முதலாளி. கைவேலைக்கு நியாயமான கூலி கொடுத்தால் பொருளின் விலை ஏறும், ஏறினால் பணக்காரர்தான் வாங்க முடியும். இந்த முடிச்சை இயக்கத்தில் யாராலும் அவிழ்க்க முடியவில்லை. பணக்காரர்களின் ஆடம்பரத்துக்கே உழைக்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம் மோரிஸை அரசியலுக்குள், சோஷலிசத்துக்குள் கொண்டுபோனது.

இந்த இயக்கம் அமெரிக்காவுக்குப் போனபோது பழங்காலங்களின் பட்டியல் மாறியது. மரச்சாமான் செய்து விற்ற குஸ்தாவ் ஸ்டிக்லி 1901-ல் தொடங்கிய பத்திரிகையின் முதல் இதழை மோரிஸுக்கும் இரண்டாவதை ரஸ்கினுக்கும் அர்ப்பணித்தார். கலிஃபோர்னியாவின் கட்டடக்கலைஞர்களான கிரீன் சகோதரர்கள் 1893-ல் சிகாகோ கண்காட்சியில் ஜப்பானியர் கட்டிய மரக்கோயிலைப் பார்த்திருந்தார்கள். பசடீனாவில் 1908-ல் அவர்கள் கட்டிய கேம்பிள் வீட்டின் உத்திர மூட்டுகளில் அந்தத் தச்சு தெரியும்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. இவர்கள் நேசித்த இடைக்காலம் பாதி அவர்களே கட்டிக்கொண்டது. அந்தக் காலத்துத் தொழிற்குழுக்கள் வெளியாட்களை உள்ளே விடாமல் கதவடைத்தவை. ரஸ்கின் கண்ட சுதந்திரக் கல்தச்சன் பாதிரியாரின் உத்தரவுக்குச் செதுக்கியவன்தான். ஆனாலும் அந்தக் கற்பனை நிஜமான பட்டறைகளை உருவாக்கியது. கட்டடக்கலைஞர் சி. ஆர். ஆஷ்பி 1888-ல் லண்டனின் ஏழைப் பகுதியில் கைவினைக் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கி, 1902-ல் குடும்பம் குட்டிகளோடு ஏறத்தாழ 150 பேரை சிப்பிங் கேம்ப்டன் என்ற சிற்றூருக்கு அழைத்துப்போனார். சில ஆண்டுகளில் வியாபாரம் படுத்துவிட்டது. கூட்டுறவு கலைந்தபின்னும் பலர் அந்த ஊரிலேயே தங்கித் தொழில் செய்தார்கள்.

அந்த ஊருக்குப் பக்கத்தில்தான், பிராட் கேம்ப்டனில், இடிந்துகிடந்த ஒரு நார்மன் காலத் தேவாலயத்தை ஆஷ்பி 1905 முதல் 1907 வரை வீடாக மாற்றிக் கொடுத்தார். பழைய கல்லைச் சுரண்டிப் புதுசாக்காமல், ஒவ்வொரு நூற்றாண்டும் சேர்த்த சுவரை அப்படியே வைத்துக்கொண்டு. மோரிஸும் வெப்பும் 1877-ல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கி வலியுறுத்திய வழி அது. அங்கே குடிவந்தவர் ஆனந்த குமாரசுவாமி. அரிச்சந்திரன் நாடகத்தை 1863-ல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த சர் முத்து குமாரசுவாமியின் மகன், கொழும்பில் பிறந்தவர். இலங்கையில் கனிமவள ஆய்வுத் துறைக்குத் தலைவராக இருந்தபோது கண்டிப் பக்கத்துக் கைவினைஞர்களைத் தேடித் தேடிப் பார்த்துப் பேசி, அவர்கள் செதுக்குவதையும் நெய்வதையும் வார்ப்பதையும் பதிவு செய்தவர்.

மோரிஸ் இறந்தபின் அவருடைய அச்சு இயந்திரங்களை ஆஷ்பி வாங்கியிருந்தார். அவை இப்போது அந்தத் தேவாலய வீட்டுக்கு வந்தன. இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் நூலை மோரிஸ் அச்சடித்த அதே கை அச்சில், 1907 செப்டம்பரிலிருந்து 1908 டிசம்பர் வரை, சிங்களக் கைவினைகளைப் பற்றிய குமாரசுவாமியின் பெரிய நூல் ஒவ்வொரு தாளாக அச்சேறியது. 425 பிரதிகள். நூலில் பேசப்படுபவை பெரும்பாலும் 18-ஆம் நூற்றாண்டுப் பொருள்கள். ஆனாலும் தலைப்பில் 'இடைக்கால' என்ற சொல்லை வைத்தார். கண்டி அரசு 1815-ல் பிரிட்டிஷார் கையில் விழும்வரை, நிலம் பெற்றுக்கொண்டு தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்த அந்தக் கைவினைஞர்கள் இடைக்கால முறையில்தான் வாழ்ந்தார்கள் என்பது அவருடைய விளக்கம்.